கட்டில் எந்த அறையில்?

அக்காவிடம் நல்ல செய்தி கொண்டுபோக எல்லோருக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. கெட்ட செய்தி என்றால் இருத்தி வைத்துத் தேத்தண்ணீர் தருவார். நல்ல செய்தி என்றால் நிற்கவைத்து விசாரிப்பார்.

எங்கள் அடுக்குமாடித் தொகுதியில் ஒரு பெண்ணுக்கு நெடுநாள் இழுபட்ட பெர்மெஸ்ஸோ, தங்கும் அனுமதி, ஒருவழியாகக் கிடைத்தது. கேக் துண்டுகளோடு வீடு வீடாக வந்தார். "மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினன். அந்தக் கிழமையே கூப்பிட்டுக் குடுத்திட்டாங்கள்" என்றார். அக்கா கேக்கை வாங்கிக்கொண்டே கேட்டார்: "கொளுத்தாத ஆக்களுக்கும் அந்தக் கிழமைதானே குடுத்தவங்கள்?"

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அக்காவுக்கும் அது தெரிந்தது. "நானும்தான் கொளுத்தினனான். கொளுத்த வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அதாலைதான் கிடைச்சதெண்டு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை, தொகுதிக்கே அவர் அக்கா. மன்னார்க் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் வேலை பார்த்தவர். இத்தாலியில், பலெர்மோவில், ஒரு பிள்ளையோடு இருந்தார். காலையில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் துணி அயர்ன் பண்ணுவார். பின்னேரம் என்னோடு கணக்கெடுப்பு வேலைக்கு வருவார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். அப்பா மன்னாரில் வலை இழுத்தவர், இங்கே மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவினார். அம்மா கட்டடங்களின் படி கழுவினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அதனால் தாளில் ஒரு எண்ணைக் கண்டால் கோயிலைக் கண்டதுபோல நின்றுவிடுவேன். அக்கா என்னை "யூனிவெர்சிற்றி" என்றுதான் கூப்பிடுவார். "என்ன யூனிவெர்சிற்றி, சராசரி இண்டைக்கு என்ன சொல்லுது? சுகமாமோ?"

வேலை இதுதான். பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அடுக்குமாடித் தொகுதிகள் இருந்தன. கீழ்த் தொகுதி, மேல்த் தொகுதி என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். நடுவில் மோட்டார் திருத்தும் பட்டறைகள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மாஃபியாவின் பெரிய குண்டுகள் வெடித்த காலம் முடிந்து நகரத்துச் சந்திகளில் இராணுவம் நின்றது. எங்கள் ஒழுங்கைகளில் சின்னத் துவக்குகள் அப்படியே இருந்தன. பெடியன்கள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் திரிந்தார்கள். கோபம் வந்தாலும் சுட்டார்கள், சந்தோஷம் வந்தாலும் சுட்டார்கள்.

நகரசபை ஒரு கூட்டுறவு அமைப்புக்குப் பணம் கொடுத்து, கீழ்த் தொகுதியில் ஒரு பழைய கிடங்கை மண்டபமாக்கியது. பின்னேரங்களில் பந்து, மேசைப் பந்து, வீட்டுப்பாடம். பெடியன்களைத் தெருவில் இருந்து எடுத்தால் துவக்கும் கையை விட்டுப் போகும் என்பது எண்ணம். ஒரு வருடம் கீழ்த் தொகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கும். பயன் தெரிந்தால் அடுத்த வருடம் எங்கள் மேல்த் தொகுதிக்கும் வரும். பயன் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு இடத்திலும் மாதாமாதம் வீடுகளில் கேட்க வேண்டும்: வெடிச்சத்தம் கேட்டதா? துவக்கைக் கண்டீர்களா? யாருக்காவது காயமா? இத்தாலிய வீடுகளுக்கு வேறு ஆட்கள் போனார்கள். தமிழ் வீடுகள் எனக்கும் அக்காவுக்கும்.

எனக்கு அந்த மண்டபம் எங்கள் பக்கம் வந்தே ஆக வேண்டும். காரணம் என் தம்பி. அவனைச் சின்னவன் என்போம். பள்ளிக்கூடம் முடிந்ததும் பையை வாசலில் எறிந்துவிட்டுக் தெருவுக்கு இறங்கிவிடுவான். அங்கே ஒரு ஸ்கூட்டர்க்காரன் இருந்தான். பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்பான், சட்டைக்குக் கீழே எப்போதும் ஒரு புடைப்பு. சின்னவனை விட்டுச் சிகரெட் வாங்குவித்தான். பிறகு ஏதோ பொட்டலங்கள் கொடுத்து அனுப்பினான். ஒருநாள் மாடியில் இருந்து நான் பார்க்க, சின்னவன் அவன் பக்கத்தில் அதேபோலச் சாய்ந்து, அதேபோல ஒரு கையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். வெறும் கைதான்.

"எங்கை போறாய்?" என்று அம்மா கேட்டால், "அமுனீ!" என்பான், போவோம் என்று சிசிலிக்காரர் சொல்வதுபோல. யாரோடு என்று சொல்லமாட்டான்.

ஒக்டோபர் மாதம் மடு மாதா சுருபத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் செபமாலை சொல்வது எங்கள் தொகுதி வழக்கம். சைவக்காரரும் வந்து இருப்பார்கள். ஒரு பின்னேரம் செபமாலை நடுவில் பட்டறைப் பக்கம் வெடி கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டை மட்டும் உயர்த்திப் பிடித்தார்கள். பிள்ளைகளைத் தாய்மார் கையால் அமத்தி நிலத்தில் இருத்தினார்கள். இன்னொரு வெடி. பாட்டு இன்னும் உயர்ந்தது. நானும் பாடினேன், அக்காவும் பாடினார்.

அந்த மாதக் கணக்குக்குப் போனபோது, பாட்டைத் தொடங்கி வைத்த அதே பெண்ணிடம் அக்கா கேட்டார்.

"வெடிச்சத்தம் ஏதும் கேட்டதோ?"

"கேக்கேல்லை."

"செபமாலைக்கை?"

"பாடிக்கொண்டெல்லோ இருந்தம். எனக்கென்ன தெரியும்?"

எல்லாத் தமிழ் வீட்டிலும் அதே பதில். எங்கள் பக்கத்து இத்தாலியரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு அது யுத்த காலத்து ஊரில் பழகிய பழக்கம். கேட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி, யாரைக் கண்டாய் என்பதுதான். கண்டேன் என்று சொன்னவன் வீடு திரும்பியதில்லை. இங்கே அதோடு பெர்மெஸ்ஸோப் பயமும் சேர்ந்துகொண்டது. துவக்கு என்ற சொல் இருக்கும் எந்தத் தாளிலும் தங்கள் பெயர் வரக்கூடாது.

கீழ்த் தொகுதியில் வேறு கதை. மண்டபத்துக்குப் பிள்ளைகளை விடவந்து வந்து, தாய்மாருக்குக் கூட்டுறவுக்காரரோடும் எங்களோடும் பழக்கம் வந்துவிட்டது. தமிழர், இத்தாலியர் எல்லோரும் வாய் திறந்தார்கள். "ஓம், போன கிழமையும் கேட்டது" என்று தாங்களாகவே சொன்னார்கள்.

வருட முடிவில் கணக்கைக் கூட்டியபோது நடந்தது இது: மண்டபம் திறந்த இடத்தில் வெடி கூடியிருந்தது. திறக்காத எங்கள் இடத்தில் ஒன்றுமே இல்லை. நகரசபைப் பொறுப்பாளர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "பந்து விளையாடினால் சுடத் தோன்றுகிறது போல" என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் மண்டபத்தை மூடும் முடிவை எடுக்கப்போவதாகச் சொன்னார். மேல்த் தொகுதிப் பேச்சே எழவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது நான் பொரிந்து தள்ளினேன். "அக்கா, எங்கடை சனம் பொய் சொன்னதாலை வந்தது இது. நாங்கள் போய்ச் சொல்லுவம், அங்கை சூடு நடக்குது, நாங்களே கேட்டனாங்கள் எண்டு."

"சொல்லலாம். அப்ப கீழை குறைஞ்சது எண்டு எப்பிடிக் காட்டுவாய்? மேலை பொய், கீழை உண்மை. இரண்டையும் எப்பிடிப் பக்கத்திலை வைப்பாய், யூனிவெர்சிற்றி?"

"மண்டபம் நல்லது எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கடை ஊரிலை ஒரு மாரிகாலம் அமைதியா இருந்தது. ஊர்க்குழு போய் ஆமி முகாமிலை கதைச்சதாலைதான் எண்டு சனம் சொல்லிச்சுது. எல்லாருக்கும் தெரியும் எண்டுதான் சொல்லிச்சுது. உள்ளறையிலை, நிலத்திலை படுத்த சனம் கட்டிலுகளைத் தூக்கி முன்னறையிலை போட்டுது. என்ர தம்பியின்ரை கட்டிலை நானும் அய்யாவும்தான் தூக்கினது. அமைதி உண்மை. ஆனா அது முகாமிலை ஆள் மாறின நேரம். புது ஆக்கள் வந்து சேர்ந்த உடனை திரும்பச் சுடத் தொடங்கினாங்கள். தம்பி யன்னலோடை படுத்திருந்தவன்."

பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியது. அக்கா திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"கட்டில்! சனம் வாயாலை பொய் சொல்லும். பிள்ளையைப் படுக்க வைக்கிற இடத்திலை சொல்லாது."

மறுநாளே தொடங்கினோம். வெடி, துவக்கு என்ற பேச்சே இல்லை. ஒரேயொரு கேள்வி: பிள்ளைகளின் கட்டில் எந்த அறையில்? வாயைப் பூட்டி வைத்திருந்த அதே சனம் பெருமையாகச் சொன்னது. "தெருப்பக்கமோ? விசரோ! நடையிலைதான் மெத்தை போட்டிருக்கிறன், வந்து பாருங்கோ." இன்னொருத்தி அலுமாரியை இழுத்து யன்னலை மறைத்திருந்ததைக் காட்டினாள். யுத்தத்தில் வளர்ந்த சனத்துக்கு இது கைவந்த வேலை. மேல்த் தொகுதியில் தெருப்பக்க அறைகளில் சைக்கிளும் பெட்டிகளும் கிடந்தன. பிள்ளைகள் உள்ளே, யன்னல் இல்லாத நடையில், குளியலறை வாசலில் படுத்தார்கள்.

எங்கள் வீட்டிலும் கேட்டார். "எல்லாரும் உள்ளுக்கைதான்" என்று அம்மா சொன்னார். அக்கா தெருப்பக்க அறையை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு கட்டிலும் கலைந்த போர்வையும் கிடந்தன.

"அது சின்னவன்ரை" என்றார் அம்மா. "சொல்லிச் சொல்லிப் பார்த்திட்டன். கீழை விசில் அடிச்சாக் கேக்க வேணுமாம்."

இரண்டாம் நாள் படியில் இறங்கும்போது ஸ்கூட்டர்க்காரன் வழியை மறித்து நின்றான். ஒரு கை சுவரில், மற்றக் கை சட்டைப் பக்கம். சின்னவன் அவனுக்கு ஒரு படி கீழே நின்றான். என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான்.

"வீடு வீடாகப் போய் என்ன கேட்கிறாய், சிஞ்ஞோரா?" என்று இத்தாலியத்தில் கேட்டான். குரல் மெதுவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவருக்குச் சமாளிக்கத் தெரியாது.

"பிள்ளைகளின் கட்டில் எந்த அறையில் என்று கேட்கிறேன்."

"அது எதற்கு?"

"பயத்தை அளக்க."

அவன் சிரித்தான். சின்னவனும் சிரிக்க வேண்டியிருந்ததால் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. கையில் பேனை இருந்தது.

"உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்தானே? அவளின் கட்டில் எங்கே?"

அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேல்மாடியில் யாரோ கதவை மெதுவாகச் சாத்தினார்கள். சுவரில் இருந்த கையை அவன் எடுத்தான்.

"சமையலறையில்" என்றான்.

"சரி" என்று சொல்லிவிட்டு, மற்ற எந்த வீட்டுக்காரருக்கும் சொல்வதுபோல, "நன்றி" என்றும் சொன்னார் அக்கா. அவன் விலகி வழிவிட்டான்.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது சின்னவன் தன் மெத்தையைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தான். தெருப்பக்க அறையில் இருந்து நடைக்கு. நான் மற்றத் தலைப்பைப் பிடிக்கப் போனேன். "விடு, நானே கொண்டுபோறன்" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு கீழ்த் தொகுதிக்குப் போனோம். அங்கே முதல் வீட்டிலேயே கட்டில் தெருப்பக்கம். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். "முந்தி உள்ளுக்கைதான் கிடந்தது, இந்த வருசம்தான் மாத்தினனாங்கள்" என்று ஒரு தாய் சொன்னார். கடைசி வீட்டுப் படியில் நின்று நான் கத்தியே விட்டேன். "அக்கா, வேலை செய்திருக்கு! மண்டபம் வேலை செய்திருக்கு!"

அக்கா யன்னலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"யன்னலுக்கு இந்த இரும்புக் கதவு எப்ப போட்டது?"

அந்தத் தாய் சொன்னார்: "அதுவும் இந்த வருசம்தான். பழைய பலகைக் கதவெல்லாம் உக்கிப்போச்சு எண்டு நகரசபை வந்து மாத்தினது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காததுபோல நின்றேன். "அக்கா, அதை விடுங்கோ" என்றேன். "ஆரும் கேக்கப் போறதில்லை."

"நான் கேட்டிட்டன்தானே."

"என்ர தம்பி அக்கா! மண்டபம் வராட்டி அவன்ரை கதை என்ன?"

"தெரியும்" என்றார்.

கூட்டத்தில் கூட்டுறவுத் தலைவி கட்டில் கணக்கைச் சொன்னபோது பொறுப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது அக்கா கையை உயர்த்தினார். தன்னுடைய கவனமான இத்தாலியத்தில், இரும்புக் கதவும் அதே வருடம்தான் வந்தது, கட்டில் திரும்பியது மண்டபத்தாலா கதவாலா என்று எங்களுக்குத் தெரியாது என்றார். தலைவி கண்ணை மூடிக்கொண்டார். நான் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"அப்படியென்றால் நான் என்னதான் செய்யட்டும்?" என்று பொறுப்பாளர் கத்தினார்.

"மேல்த் தொகுதியில் மண்டபம் திறவுங்கள். கதவு போடாதீர்கள். அப்போது தெரியும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். கதவு மாற்றுவதைவிட மண்டபம் மலிவு என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "சரி" என்றார். "இந்த அம்மா கேட்டபடியே எழுதுங்கள்."

அப்படித்தான் மண்டபம் வந்தது. ஆனாலும் எங்கள் தொகுதி அக்காவை மன்னிக்கவில்லை. இரும்புக் கதவு வேண்டாம் என்று சொன்னவள் என்ற பெயர்தான் நின்றது. செபமாலையில் அவருக்குப் பக்கத்தில் இருக்க ஆள் இல்லை. "எங்கடை பிள்ளையளை வைச்சுப் பரிசோதிச்சுப் பாக்கிறியோ?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். "என்ர பிள்ளையும் இஞ்சைதானே படுக்குது" என்றார் அக்கா. அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். குரலில் பிடி இல்லை.

மண்டபம் திறந்த மாரிகாலத்தில் ஒரு பின்னேரம் எங்கள் தெருப்பக்க யன்னலின் பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு சூடு வந்து எதிர்ச் சுவரில் பதிந்தது. அறையில் யாரும் இல்லை. சின்னவன் மண்டபத்தில் இருந்தான். அம்மா நிலத்தில் தெறித்து விழுந்த பலகைச் சிம்பை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"இந்தா, இதையும் உன்ரை கணக்கிலை போடு" என்று சிம்பை அவர் கையில் வைத்தார். "இனி என்ர வாசலுக்கு வராதை."

அக்கா சிம்பைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே இருந்துவிட்டார். அவர் கேள்வி கேட்காமல் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அடுத்த நாள் சிஞ்ஞோரா வீட்டு வேலைக்குப் போகாமல் நகரசபைக்குப் போனார். நானும் கூடப்போனேன். இரும்புக் கதவு போடுங்கள், நான் சொன்னது பிழை, காத்திருக்கச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை என்றார். பொறுப்பாளர் பழைய தாளை எடுத்துக் காட்டினார். "வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? எழுதியாகிவிட்டது." அக்கா மூன்று நான்கு தடவை போனார். கதவு வரவேயில்லை.

மண்டபம் மட்டும் நடந்தது. சின்னவன் முதலில் வேடிக்கை பார்க்கப் போனான். பிறகு மேசைப் பந்து மட்டையோடு வீட்டுக்கு வரத் தொடங்கினான். பட்டறைச் சுவரில் அவனைக் காண்பது குறைந்தது. வசந்தகாலத்தில் ஸ்கூட்டர்க்காரன், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே எங்கேயோ போய்விட்டான். கோடை தொடங்கும் நேரம் சின்னவன் மெத்தையைத் திரும்பத் தெருப்பக்கம் இழுத்தான். இந்த முறை விசிலுக்காக இல்லை. நடையில் புழுக்கமாம்.

நான் அக்காவிடம் ஓடினேன். நல்ல செய்தி என்று தெரிந்துகொண்டுதான் ஓடினேன்.

"கட்டில் மாறிட்டுது அக்கா. கதவு இல்லாமலே மாறிட்டுது. நீங்கள் சொன்னதுபோல, இப்ப தெரியும்தானே?"

"அந்த ஸ்கூட்டர்க்காரன் எப்ப போனவன்?"

"அதுக்கு முந்தி."

"அப்ப சொல்லேலாது. அவன் போனதாலையும் இருக்கலாம்."

"அவன் ஏன் போனவன்? நீங்கள் படியிலை கேட்ட கேள்வியாலைதான்!"

"அதுவும் தெரியாது" என்றார். கொஞ்சம் தயங்கி, "நான் பாக்கலாமோ?" என்று கேட்டார்.

எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "கதவு திறந்துதானே கிடக்கு" என்றார்.

அக்கா தெருப்பக்க அறைக்குள் போனார். யன்னல் பலகையில் அந்த ஓட்டை வழியாக வெயில் வந்தது. சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பிறகு கட்டிலின் ஓரத்தில் இருந்தார். கீழே ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பிவந்தபோது அவர் சாய்ந்திருந்தார். செருப்புக் கழற்றவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பட்டறையில் எதையோ பலமாகத் தட்டினார்கள். அவர் அசையவில்லை. நல்ல நித்திரை.

அம்மா வந்து பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றிச் சுவரோடு வைத்தார். போர்வையை இழுத்து முழங்கால்வரை மூடிவிட்டார்.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. சின்னவன் மண்டபத்தில் இருந்து கூட்டாளிகளோடு கத்திக்கொண்டு ஏறி வந்தான். அம்மா வாசலுக்கு ஓடிப்போய், உருளைக்கிழங்கு மண் ஒட்டிய விரலை வாயில் வைத்தார்.

"மெல்ல வாங்கோடா. பிள்ளை படுத்திருக்கிறா."